நடுவழியில் வண்டியை நிறுத்திய ஐயாவுக்கு

நெடுந்தீவு கிழக்கு,
ஆவணி மாதம்.

சுவிசிலே, மலைப்பட்டினத்துக் கயிற்று வண்டியை ஓட்டுகின்ற, பெயர் தெரியாத ஐயா அவர்களுக்கு, நெடுந்தீவிலிருந்து சிவக்கொழுந்து வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மாடுகளும் சுகம். அங்கு நீங்களும், உங்கள் வீட்டாரும், உங்கள் வண்டியும், அதைக் கட்டியிருக்கிற கயிறும் சுகமாயிருக்க வேண்டுமென்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். கயிற்றுக்காகக் கொஞ்சம் கூடுதலாகவே கேட்கிறேன், கோபிக்க வேண்டாம்.

நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். என் மகள் பிரியவதனி இதை உங்கள் பாசைக்கு மாற்றித் தருவாள். பிரியவதனி, உனக்கும் இதிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சொல்லையும் விழுங்காமல் ஐயாவுக்குச் சொல்ல வேண்டும். உன்னைப் பற்றி வருகிற இடங்களையும்தான்.

ஐயா, என்னை உங்களுக்கு ஞாபகமிருக்கும். சித்திரை மாதத்தில் ஒருநாள், வெள்ளைச் சேலையும் அதற்கு மேலே மருமகனின் பெரிய கறுப்பு ஜக்கற்றும் போட்டுக்கொண்டு உங்கள் வண்டியில் ஏறி, இறங்கவே மாட்டேன் என்று மேலுக்கும் கீழுக்குமாய்ப் போய்வந்த பெண்பிள்ளை நான்தான். நீங்கள் இரண்டு பாசையில் ஏன் என்று கேட்டீர்கள். நான் ஒரே பாசையில் மறுமொழி சொன்னேன். நீங்கள் எல்லாம் விளங்கினவர் மாதிரித் தலையாட்டினீர்கள். உண்மையில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாமல் போகக் கூடாது. நீங்கள் செய்த உதவி அப்படிப்பட்டது.

என் வீட்டுக்காரர் போன ஆவணியில் காலமானார். மாடு வைத்திருந்தவர், கடலுக்கும் போவார். நெஞ்சு நோகுது என்றார். யாழ்ப்பாணத்து ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் முதலில் கடலைக் கடக்க வேண்டும். படகில் போகும்போது இருந்துகொண்டு போனார், சிவலைப் பசுவை நிழலில் மாற்றிக் கட்டச் சொல் என்று எனக்குச் சொல்லிக்கொண்டே போனார். திரும்பி வரும்போது படுத்துக்கொண்டு வந்தார். எங்களுக்குப் பிரியவதனி ஒரே பிள்ளை. அந்தக் கிழமைதான் அவளுக்குச் சுவிசில் பிள்ளை பிறக்க நாள் குறித்திருந்தது. அவள் வரவில்லை, மருமகன் நிமலனும் வரவில்லை. என் மச்சாளின் மகன் தர்சன்தான் கொள்ளி வைத்தான். பெரிய வயிற்றோடு இருப்பவளைப் பிளேனில் ஏற்றமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும், புத்திக்கு விளங்கியது, வயிற்றுக்குத்தான் விளங்கவில்லை. செத்தவீட்டுக்கு வந்த ஒன்றிரண்டு பேர், மருமகன் நினைத்திருந்தால் தானாவது வந்திருக்கலாம் என்று என் காதுபடவே கதைத்தார்கள். எனக்கும் யாரையாவது கோபிக்க வேண்டியிருந்தது. கோபிப்பதற்கு மருமகன்தான் வசதியாகத் தூரத்தில் இருந்தார்.

பேரன் தவழத் தொடங்கியதும் வந்து பாருங்கோ என்று மகள் அழைத்தாள். எங்கள் ஆட்களிடம் ஒரு முறை இருக்கிறது ஐயா. செத்தவீடு நடந்தால், ஆட்டைத் திவசம் என்று வருசம் திரும்பும்போது செய்கிற கிரியை முடியும்வரை, கோயிலுக்குப் போகக் கூடாது, மலை ஏறக் கூடாது. எங்கள் தீவு தோசைக்கல் மாதிரித் தட்டை. இங்கே உயரமென்றால் பனைதான். அதனால் மலை ஏறாத விரதத்தை நெடுந்தீவில் இன்றுவரை ஒருவரும் முறித்ததில்லை. முறிக்க வேண்டுமென்று ஒருவர் கங்கணம் கட்டினாலும் படகு பிடித்து, பஸ் பிடித்து, ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்தால்தான் முறிக்கலாம். சுவிசோ மலைநாடு. எனக்குப் பயம். அப்போது பிரியவதனி, "அம்மா, எங்கடை வீடு கீழ்ப்பட்டினத்திலை, ஆத்தங்கரையிலை. மலைப்பக்கம் நீங்கள் போகவே தேவையில்லை" என்றாள். நான் போனேன்.

பேரனைப் பார்க்க மட்டும் போகவில்லை. ஒரு கேள்வியையும் கொண்டுதான் போனேன். ஆட்டைத் திவசத்துக்குப் பிள்ளையையும் பேரனையும் மருமகன் நெடுந்தீவுக்கு அனுப்புவாரா, மாட்டாரா? செத்தவீட்டுக்குத்தான் தகப்பனுக்குப் பிள்ளை இல்லாமல் போனது, திவசத்துக்கும் இல்லாமல் போனால் நான் எந்த முகத்தோடு என் வீட்டுக்காரரின் படத்துக்கு முன்னால் போய் நிற்பேன்? இந்தக் கேள்வியை மருமகனிடம் நேரே கேட்கவும் முடியாது. எங்கள் வீட்டில் மாமியார் மருமகனோடு முகத்துக்கு முகம் நின்று கதைப்பது வழக்கமில்லை. கலியாணம் நடந்த நாளிலிருந்து நாங்கள் இருவரும் பிரியவதனி மூலமாகத்தான் கதைத்துக்கொண்டோம். மருமகன் தேத்தண்ணி போடக் குசினிக்குள் வந்தால் நான் அறைக்குள் போவேன். நான் அறையை விட்டு வந்தால் அவர் எழும்பிப் பல்கனிக்குப் போவார், அந்தக் குளிரிலும். அந்தச் சின்ன வீட்டில் ஒருவருக்கொருவர் மரியாதை செய்து செய்தே நாங்கள் களைத்துப்போனோம்.

"கேட்டனியோ பிள்ளை?" என்று நான் மகளைக் கேட்பேன். "அவர் இப்பதான் வேலையாலை களைச்சு வந்தவர், பேந்து கேக்கிறன்" என்பாள். அடுத்த நாள் கேட்டால், "இண்டைக்கு நல்ல முகமாய் இருக்கிறார், ஏன் கெடுப்பான்?" என்பாள். களைத்த நாளிலும் கேட்க முடியாது, சிரித்த நாளிலும் கேட்க முடியாது என்றால் வேறு எந்த நாளில் ஒரு மனிசனைக் கேட்பது? இப்படியே நான் திரும்பி வருகிற நாளும் கிட்டிவிட்டது.

அன்றைக்குப் பேரனுக்கு ஊசி போட வேண்டுமென்று பிரியவதனி அவனைத் தூக்கிக்கொண்டு முன்னாலே போய்விட்டாள். என்னைப் பின்னாலே கூட்டிக்கொண்டு வரச் சொல்லி மருமகனிடம் சொல்லிவிட்டுப் போனாள். எல்லாரும் ஒரு இடத்தில் சந்தித்துச் சாப்பிடுவதாம். அந்த இடம் மலையிலே என்பதை வழக்கம்போல் விழுங்கிவிட்டாள். நானும் மருமகனும் தனியாக வெளிக்கிட்டது அதுதான் முதல்தரம். அவர் முன்னாலே போனார், நான் மின்கம்பம் ஒன்று தள்ளிப் பின்னாலே போனேன். "இதாலை திரும்ப வேணும்" என்று அவர் ஒரு கடைச் சுவருக்குச் சொன்னார். "ஓம்" என்று நான் என் கைப்பையைப் பார்த்துச் சொன்னேன். "நூறு வருசத்துக்கு மேலை பழைய வண்டி, பாக்கத்தான் வேணும்" என்று உங்கள் நிலையத்துக் கதவுக்குச் சொன்னார். பச்சை வண்டி, மர இருக்கை, உள்ளுக்குள்ளேயே படி வைத்திருந்தது. பஸ்ஸிலே என்னத்துக்குப் படி என்று யோசித்துக்கொண்டே போய் யன்னலோரம் இருந்தேன். "ரிக்கற் எடுத்துக்கொண்டு வாறன்" என்று மருமகன் யன்னலுக்குச் சொல்லிவிட்டுப் போனார். ரிக்கற் மெசினோ அவரை விடவில்லை. நீங்கள் கதவைச் சாத்தினீர்கள். வண்டி வெளிக்கிட்டது. வீடுகள் கீழே இறங்கத் தொடங்கின.

வீடுகள் கீழே போகின்றன என்றால் நான் மேலே போகிறேன் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் இரண்டு காலையும் நிலத்திலிருந்து தூக்கிக்கொண்டேன். நீங்கள் திரும்பிப் பார்த்து, காலிலே ஏதோ பிடித்துக்கொண்டது என்று நினைத்து, உங்கள் சொந்தப் போத்தலில் இருந்து தண்ணீர் தந்தீர்கள். அது கால்பிடிப்பு இல்லை ஐயா. கால் மலையிலே படாவிட்டால் ஏறினதாகாது என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது. ஏற்றியது வண்டிதானே, நானில்லையே. மேலே போய் நின்றதும் எல்லாரும் இறங்கினார்கள், நீங்கள் வந்து கையை நீட்டினீர்கள். "ஏலாது ஐயா, ஆட்டைத் திவசம் முடியேல்லை" என்றேன். நீங்கள் தலையாட்டிவிட்டுப் போய் உங்கள் இடத்தில் நின்றீர்கள். அப்போதுதான் நான் யன்னலால் பார்த்தேன். ஆறும் பாலமும் ஓட்டுக்கூரைகளும் பேரனின் விளையாட்டுச் சாமான் மாதிரிக் கிடந்தன. வீட்டுக்குப் போனதும் இதை அவருக்குச் சொல்ல வேண்டுமென்று முதலில் நினைத்தேன். அதற்குப் பிறகுதான் அவர் இல்லை என்பது ஞாபகம் வந்தது. அவர் ஏறினதில் ஆக உயரமானது பனைமரம். கால்கள் இரண்டும் தூக்கினபடியே இருக்க, நான் அழுதேன். நீங்கள் பார்க்காத மாதிரி மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அதுக்கும் நன்றி.

வண்டி கீழே இறங்கியது. உங்கள் வண்டிகள் இரண்டும் ஒரே கயிற்றில் கட்டியவை, ஒன்று ஏற மற்றது இறங்கும், நடுவிலே தண்டவாளம் இரண்டாய்ப் பிரியும் இடத்தில் ஒன்றையொன்று உரசுகிற மாதிரிக் கடக்கும் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. நடுவழியில் பார்த்தால், ஏறி வருகிற வண்டியின் யன்னலில் மருமகனின் முகம். நான் மேலே காத்திருப்பேன் என்று மற்ற வண்டியில் ஏறி ஓடி வந்திருக்கிறார்.

"மாமி! அப்பிடியே இருங்கோ, நான் வாறன்!"

எனக்கு நேரே அவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான். மருமகன் அப்படியே இருக்கச் சொன்னால் மாமி எழும்பலாமா? கீழே வந்தும் நான் அப்படியே இருந்தேன். உங்கள் வண்டி திரும்ப ஏறியது. மேலே போய் இறங்கின மருமகன், நான் கீழே நிற்பேன் என்று அதே வண்டியில் திரும்ப இறங்கினார். நடுவிலே திரும்பவும் சந்தித்தோம்.

"மாமி, நீங்கள் கீழை இறங்கியிருக்க வேணும்!"

"நீங்கள்தானே அப்பிடியே இருக்கச் சொன்னியள்!" என்று கத்தினேன். கத்தின பிறகுதான், மருமகனோடு நேரே கதைத்துவிட்டேன் என்று கையால் வாயைப் பொத்தினேன்.

"சரி, மேலை போய் இறங்கி நில்லுங்கோ!"

"அது ஏலாது!"

"ஏன் ஏலாது?"

மறுமொழி சொல்லுமுன் அவர் கீழே போய்விட்டார், நான் மேலே போய்விட்டேன். அந்த மறுமொழியைக் கேட்க அவர் திரும்ப ஏறி வந்தார், நான் இறங்கி வந்தேன். இதற்குள் இரண்டு வண்டிச் சனமும் எங்களை விளங்கிக்கொண்டது. நாங்கள் கிட்ட வரும்போது ஒரு தடித்த மனிசி தன் யன்னலைத் தானாகவே திறந்து, எனக்கு இடம் விட்டு விலகி இருந்தாள்.

"மலை, தம்பி! உங்கடை மாமா போய் வருசம் திரும்பேல்லை! நான் மலையிலை கால் வைக்கேலாது!"

மருமகனின் முகம் ஒருமாதிரிப் போனது. "அப்ப இந்தமுறை கீழை இறங்கி நில்லுங்கோ மாமி. நான் இறங்கி வாறன்" என்று கத்திக்கொண்டு மேலே போனார்.

ஐயா, இதுதான் உங்களுக்குத் தெரியாத இடம். அந்தமுறை கீழே வந்தபோது எனக்கு எல்லாம் விளங்கியிருந்தது, இறங்கியிருக்கலாம். நீங்களும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கனநேரம் நின்றீர்கள். நான் இறங்கவில்லை. இறங்கினால் என்ன நடக்கும்? மருமகன் வருவார், மின்கம்பம் ஒன்று தள்ளி முன்னாலே நடப்பார், வீட்டுக்குப் போனால் நடுவிலே பிரியவதனி நிற்பாள், நான் பிளேன் ஏறும்வரை அந்தக் கேள்வி என்னோடுதான் கிடக்கும். இந்த ஓடுகிற வண்டியில் மட்டும்தான் நாங்கள் இருவரும் முகம் பார்த்துக் கதைக்கிறோம். ஆகவே இருக்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் பெருமூச்சு விட்டுக் கதவைச் சாத்தினீர்கள்.

நடுவிலே வண்டிகள் கிட்ட வந்ததும் எழும்பி, யன்னலால் அரை உடம்பை வெளியே விட்டுக் கேட்டேன்.

"ஆட்டைத் திவசத்துக்குப் பிள்ளையை அனுப்புவியளோ, மாட்டியளோ?"

மருமகன் வாயைத் திறந்தார். வண்டி அவரைத் தாண்டப் பார்த்தது. நான் என்ன சத்தம் போட்டேனோ தெரியாது, நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், அவரைப் பார்த்தீர்கள், அந்தப் பித்தளைச் சக்கரத்தைப் பிடித்துத் திருகினீர்கள். கிரீச்சென்று உங்கள் வண்டி நின்றது. ஒரே கயிறல்லவா, அவருடைய வண்டியும் நின்றது. அதை ஓட்டி வந்த பெட்டை தலையை நீட்டி உங்களிடம் ஏதோ கேட்டாள், நீங்கள் கையைக் காட்டினீர்கள். இரண்டு வண்டிச் சனத்திலும் ஒருவர்கூட மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. உங்கள் நாட்டில் அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு இப்போது தெரியும்.

"நான் அனுப்ப மாட்டன் எண்டு ஆர் சொன்னது?" என்றார் மருமகன்.

"ஒருதரும் சொல்லேல்லை. ஓம் எண்டும் ஒருதரும் சொல்லேல்லை."

"மாமி, திவசத்தை நான் செய்யலாமோ எண்டு உங்களைக் கேக்கச் சொல்லி பிரியாட்டை எத்தினை தரம் சொன்னனான்! நீங்கள் பேசாமல் இருக்கிறியள், அப்ப விருப்பமில்லை எண்டு நினைச்சன்."

"அவள் என்னட்டைக் கேக்கவே இல்லை!"

"நீங்கள் கேட்டதெண்டு எனக்கும் சொல்லவே இல்லை!"

நாங்கள் இருவரும் ஒரேநேரத்தில் அண்ணாந்து மலையுச்சியைப் பார்த்தோம். அங்கேதான் பேரனை வைத்துக்கொண்டு அவள் நின்றாள். எங்களைப் பார்த்து என்ன விளையாட்டு என்று கையைக் காட்டினாள். பிரியவதனி, இந்த இடத்தை இரண்டுதரம் மொழிபெயர்.

பிறகு மருமகன், "மாமாவுக்கு ஒரு பிடி வாய்க்கரிசி போட நான் அங்கை நிக்கேல்லை மாமி. போனிலைதான் பாத்தனான். மாமாவைத் திரும்பக் கொண்டுவரப் படகிலை ஏத்தேக்கையே லைன் அறுந்து போச்சு" என்றார்.

அந்தக் கதையை எனக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. "நீர் அங்கை வந்து நிண்டிருந்தால் இஞ்சை என்ரை பிள்ளையோடை ஆர் நிண்டிருப்பினம்?" என்றேன். என் வாயால் இந்தச் சொல் வரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. அந்தக் கோபத்தை ஆவணியிலிருந்து சித்திரைவரை தூக்கித் திரிந்தேன், இறக்கி வைக்க ஒரு இடம் கிடைக்கவில்லை. நீங்கள் நிறுத்தின இடத்தில் கிடைத்தது. "வாரும், வந்து செய்யும்" என்றேன். "மூண்டு பேரும் வாறம் மாமி" என்றார். எங்களைப் பார்க்கவென்றே கீழே இறங்காமல் இருந்த அந்தத் தடித்த மனிசிக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது, ஆனாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கும் ஒரு கடதாசிக் கைக்குட்டை தந்தாள். நான் சேலைத் தலைப்பால் துடைத்தேன். கடதாசி நல்ல வாசமாக இருந்தபடியால் வைத்திருக்கிறேன்.

மேலே போனதும் பிரியவதனி ஓடிவந்து, "அம்மா, இறங்குங்கோவன், என்ன இது?" என்றாள். "நீ ஏறு பிள்ளை. உன்னோடை கொஞ்சம் கதை இருக்கு" என்றேன். ஏறினாள். கீழே போகும்வரை உங்கள் வண்டியில் அவள் முகம் இருந்த மாதிரி நான் அவள் பள்ளிக்கூடம் போன காலத்திலும் பார்த்ததில்லை. வீட்டுக்கு நடக்கும்போது நானும் மருமகனும் முன்னாலே பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம். அவள்தான் மின்கம்பம் ஒன்று தள்ளிப் பின்னாலே வந்தாள்.

போகும் வழியில்தான் மருமகன் இன்னொன்றும் சொன்னார். உங்கள் வண்டிக்குக் கரண்டும் இல்லை, எண்ணெயும் இல்லை, மேலே நிற்கிற வண்டியின் வயிற்றில் மேல்பட்டினத்துக் கழிவுத் தண்ணீரை நிரப்பி, அந்தப் பாரத்தில் அது இறங்க, மற்றது ஏறுமாம். துடக்கு வருசத்தில் மலை ஏறினது ஒரு குற்றம், என்னை ஏற்றினது கக்கூசுத் தண்ணீர் என்பது இன்னொன்று. வீட்டுக்குப் போய்த் தலையில் முழுகினேன். முழுகும்போதுதான், மேலே யாரோ இப்படி முழுகின தண்ணீரும்தானே என்னை ஏற்றியது என்று யோசித்தேன், அருவருப்புப் போய்விட்டது. நல்ல தண்ணீருக்கு நாங்கள் குடத்தோடு அலைகிற ஆட்கள். குளித்த தண்ணீரை வாழைக்கு விட எங்களுக்குத் தெரியும். ஆட்களை ஏற்றவும் விடலாம் என்பது தெரியாமல் போய்விட்டது.

போன கிழமை மூன்று பேரும் வந்து இறங்கினார்கள். மருமகன் படகில் சத்தியெடுத்து, எழும்ப முடியாமல், இரண்டு பேர் பிடித்துத்தான் கரைக்கு வந்தார். ஆனாலும் அடுத்த நாள் விடிய, ஈர வேட்டியோடு இருந்து எள்ளும் தண்ணீரும் இறைத்து எல்லாம் செய்தார். பேரன் எள்ளை அள்ளி வாயில் போட்டான், ஐயர் சிரித்தார். வாழைக்காய்க் கறியும் பயற்றம் பணியாரமும் படைத்தோம். அந்தப் படத்துக்கு முன்னால் நான் நிமிர்ந்து நின்றேன். உங்கள் மலையிலிருந்து பார்த்ததையெல்லாம், ஆறு, பாலம், ஓட்டுக்கூரை, ஒன்றும் விடாமல் சொன்னேன்.

ஒரு மலையை நான் ஏறினேனோ ஏறவில்லையோ என்று என் மச்சாள் அன்னமுத்துவும் ஐயரும் இன்னும் வாதாடுகிறார்கள். ஏறினது குற்றமென்றால் அது என்னோடு போகட்டும், உங்களுக்கு ஒரு சொட்டும் வர வேண்டாம் என்று நேர்ந்திருக்கிறேன். நீங்களும் குடும்பமும் நோய்நொடி இல்லாமல் நீடு வாழ வேண்டும், உங்கள் கயிறு ஒருநாளும் நூலாகக் கூடாது. நெடுந்தீவுப் பக்கம் வந்தால் எங்கள் வீட்டில் பாலும் தயிரும் உங்களுக்கு இருக்கிறது. இங்கே எதையும் ஏறத் தேவையில்லை.

இப்படிக்கு,
உங்கள் வண்டியின் இறங்காத பிரயாணி,
இலட்சுமணன் சிவக்கொழுந்து

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன், பிழை பார்க்கச் சொல்லி இதை மருமகனிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறார். "மாமி, எங்கடை கீழ்ப்பட்டினமே மலையிலைதான் இருக்கு. முப்பது பனையை ஒண்டுக்கு மேலை ஒண்டாய் நட்டால்தான் நீங்கள் படுத்த கட்டில் உயரத்துக்கு வரும்" என்கிறார். அப்படியென்றால் நான் பிளேனால் இறங்கி வந்த நாள் தொடக்கம் மலையிலேதான் சமைத்து, மலையிலேதான் குளித்து, மலையிலேதான் நித்திரை கொண்டிருக்கிறேன். காலைத் தூக்கினதும் வீண், இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்ததும் வீண். ஆகையால் மேலே மலை, விரதம், குற்றம் என்று எழுதினதையெல்லாம் வெட்டிவிடுங்கள். "அண்டைக்கு யன்னலுக்காலை கத்தேக்கை இதைச் சொல்லியிருக்கலாமே தம்பி?" என்று கேட்டேன். "சொல்லியிருந்தால் நீங்கள் உண்மையாவே இறங்கியிருப்பியள் மாமி. பேந்து நாங்கள் எப்ப கதைக்கிறது?" என்றார். நன்றியை மட்டும் வெட்ட வேண்டாம் ஐயா.